அப்பா இல்லாத தை

19.1.2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். பொங்கலன்று போனில், பக்கத்து ரூம் பிள்ளை கொடுத்த சர்க்கரைப் பொங்கலை வாயில் வைக்க மனசு வரவில்லை, அப்படியே வைத்துவிட்டேன் என்றாய். வீட்டில் ஆட்கள் இருந்ததால் அப்போது ஒன்றும் பேச முடியவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

நம் வீட்டில் இந்த வருஷம் பானை வைக்கவில்லை. மார்கழி முழுக்க வாசலில் சாணி தெளித்ததோடு சரி, கோலம் கிடையாது. விடியற்காலை கோயிலில் திருவெம்பாவை போடும்போதெல்லாம், அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற சத்தத்துக்குக் காது தானாகக் காத்திருந்தது. போகியன்று அவர் சட்டைகளை வெளியே எடுத்தேன். மறுபடி மடித்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் பொங்கலன்று காலையிலேயே தெருவிலிருந்து சாப்பாட்டுத் தூக்குவாளிகள் வர ஆரம்பித்துவிட்டன. துக்க வீட்டில் பொங்கக் கூடாது, ஆனால் அந்த வீட்டைப் பட்டினி போடவும் ஊர் விடாது. கீழவீட்டு அத்தை வெண்பொங்கலும், பரங்கிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பும் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "அண்ணன் இருந்தா உங்கள இப்படி விட்டுருக்குமா அண்ணி?" என்றாள். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. ருசி தெரிந்ததே என்று நான் வருத்தப்படவில்லை. நீயும் அப்படி வருத்தப்படக் கூடாது.

வயலைப் பற்றி நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். போன வருஷம் ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். தினமும் டிவியில் நீர்மட்டம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, குறுவை போகட்டும் என்று விட்டுவிட்டு, சம்பாவுக்கு நாற்று விட்டார் அப்பா. நடவைப் பார்க்க அவர் இல்லை. காரியம் முடிந்த கையோடு, நாற்று முற்றிவிடுமே என்று நடவுப் பெண்கள் தாங்களாகவே வந்து இறங்கினார்கள். கூலியை அறுப்புக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் கடைசி மழையில் பயிர் மூழ்கிப்போனது. அன்று ராத்திரி டார்ச் லைட்டோடு போய், வடிகாலில் அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டு தண்ணீரை வடியவிட்டது யார் தெரியுமா? வரப்புத் தகராறுக்கு அப்புறம் அப்பாவோடு பேச்சே இல்லாமல் இருந்தாரே, அந்த மாமா. அவர் நிலம் மேட்டில் இருக்கிறது, அதில் தண்ணீர் நிற்காது. நமக்காகத்தான் இறங்கியிருக்கிறார். காலையில் வாசலில் நின்று, "தண்ணி வடியுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் வில்லங்கம் இல்லாமல் எடுப்பார்கள். அதனால் இந்தப் பனி கொஞ்சம் குறைந்ததும் அறுக்கலாம் என்று பார்க்கிறோம்.

மாட்டுப் பொங்கலன்று தெருப் பையன்கள், மாட்டுக்கு என்ன தீட்டு என்று சொல்லி நம் பசுவை வாய்க்காலுக்கு ஓட்டிப் போனார்கள். குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் நெட்டி மாலையோடு கொண்டுவந்து கட்டினார்கள். அப்பா வருஷா வருஷம் நரசிங்கம்பேட்டைக்குப் போய் வாங்கி வருவாரே, அதே மாலை. அவர்கள் காசில் வாங்கியிருக்கிறார்கள். தொழுவத்தில் நின்று நன்றாக அழுதேன் தம்பி. அவர் இல்லையே என்றும் அழுதேன், இத்தனை பேர் இருக்கிறார்களே என்றும் அழுதேன். இரண்டும் ஒன்றாகவே வந்தது. மனசு தேறிய பிறகுதான் நன்றி வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

ரூம் பிள்ளை இனி எது கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடு. அன்றைக்கு வேண்டாம் என்று வைத்ததற்கு அவனிடம் இரண்டு வார்த்தை பேசு, அவனும் வீட்டை விட்டு வந்த பிள்ளைதானே. மாமாவுக்கு இந்த வெள்ளிக்கிழமை போன் பண்ணு. பழைய கதை எதையும் எடுக்க வேண்டாம், பயிர் எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டால் போதும். நடவுப் பெண்களுக்கு அறுப்பன்று கூலியோடு ஆளுக்கொரு புடவை எடுத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அந்தப் பணம் உன் சம்பளத்திலிருந்து வரட்டும். நீ கொடுத்தது என்று சொல்லியே கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா