2022க்கு முன்பும் ஒலிம்பியாட் நடந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட் என்ற பெயரே தமிழ்நாட்டுக்கு 2022இல் மாமல்லபுரத்தில்தான் அறிமுகமானது என்கிறது. நாற்பது வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிற உரிமையில் கேட்கிறேன், அந்த வரியை அச்சுக்கு முன் யாரும் படிக்கவில்லையா?

1960இல் லைப்சிக், 1962இல் வார்னா, 1964இல் டெல் அவிவ். மூன்றிலும் இந்தியாவுக்கு முதல் பலகையில், அதாவது அணியின் முதன்மை ஆட்டக்காரராக, ஆடியவர் நம் மானுவேல் ஆரோன். நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர், ஒன்பது முறை தேசிய சாம்பியன். உங்களுக்குத் தெரியாததல்ல.

எழுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு செட்தான். கறுப்பு யானை ஒன்று தொலைந்துபோய், அந்த இடத்தில் மை பாட்டில் மூடி நிற்கும். அதை நகர்த்தியபடியே கணக்கு வாத்தியார் ஆரோனின் ஆட்டங்களைச் சொல்லித் தருவார். ஒலிம்பியாட் என்ற சொல்லை நான் அங்கேதான் கேட்டேன்.

சரி, வரலாறு என்று தலைப்பு வைத்தீர்களே, முதல் ஒலிம்பியாட் நடந்த 1927 லண்டனிலிருந்து நேராக 2022க்குத் தாவலாமா? 1939இல் பியூனஸ் அயர்ஸில் போட்டி நடக்கும்போதே உலகப் போர் மூண்டது. இங்கிலாந்து அணி பாதியில் கப்பலேறியது. போலந்து அணியில் ஆடிய நைடார்ஃப் ஊர் திரும்ப முடியாமல் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார். மனைவி, குழந்தை, பெற்றோர் எல்லோரையும் நாஜிகளிடம் பறிகொடுத்தார். இதற்கு ஒரு பத்திகூட இடமில்லையா?

மாமல்லபுரத்தையாவது முழுசாகச் சொன்னீர்களா என்றால், அதுவும் இல்லை. அப்போது பேத்தியைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். நம் பெண்கள் அணியில் ஆடிய ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றைத் தாங்கியபடி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்ததைப் பேத்தி கண்கொட்டாமல் பார்த்தாள். நம் பெண்கள் அணி முதன்முதலாக ஒலிம்பியாட் பதக்கம் வாங்கியதும் அங்கேதான். மறுநாள் உங்கள் பத்திரிகையில் ஹரிகா படத்தைத் தேடினாள். கால் பக்கத்துக்கு போட்டியின் சின்னமான 'தம்பி' குதிரைப் பொம்மைதான் இருந்தது. அப்போதே எழுதியிருக்க வேண்டும், பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்த செஸ் புதிரையும் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டீர்கள். பிளேடால் வெட்டி ஒட்டிய மூன்று நோட்டுகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

ஆரோன் பெயரைக் குறிப்பிட்டு ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், அந்தப் புதிரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நான்கு அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
தென்காசி