நிறுவுதிறன் மட்டும் அளவுகோல் ஆகாது

மின்வாரியத்தின் பசுமை இலக்குகள் குறித்த தங்கள் தலையங்கம் காற்றாலை, சூரியசக்தி நிறுவுதிறன் (நிறுவப்பட்ட கருவிகள் அதிகபட்சமாகத் தரக்கூடிய மின்சாரம்) உயர்வையே முன்னேற்றமாகக் கொள்கிறது. ஆனால் நிலக்கரியை மிச்சப்படுத்துவது, உண்மையில் உற்பத்தியாகி மின்கட்டமைப்பில் ஏறிய யூனிட்டுகள்தான். மே முதல் செப்டம்பர் வரையான காற்றுக் காலத்தில், நள்ளிரவில் தேவை சரியும்போது காற்றாலைகளின் உற்பத்தியைக் குறைக்க நேர்கிறது. அனல்மின் நிலையங்களின் உற்பத்தியை அந்த அளவுக்கு இறக்க முடியாததே இதற்கு முக்கியக் காரணம். 210 மெகாவாட் அலகை 55 சதவீதத்துக்கு, அதாவது சுமார் 115 மெகாவாட்டுக்குக் கீழே கொண்டுசென்றால் உலைச்சுடர் நிலைகுலையக்கூடும். அதைத் தாங்கிப்பிடிக்க உலை எண்ணெய் எரிக்க வேண்டியிருக்கும் என்பது கொதிகலன் பணியில் இருந்தோர் அனைவரும் கண்டது. முழுவதும் நிறுத்தினாலோ, காலை உச்சத் தேவைக்கு மீண்டும் ஏற்றப் பல மணி நேரம் பிடிக்கும். கடம்பாறை நீரேற்று மின்நிலையம் உபரி மின்சாரத்தை வாங்கி, கீழிருந்து மேல் அணைக்கு நீரை ஏற்றிவைத்துக்கொள்ளும்; தேவைப்படும்போது அந்த நீரை இறக்கி மின்சாரம் தரும். ஆனால் அதன் திறன் 400 மெகாவாட்தான், மேல் அணை நிரம்பிவிட்டால் அதுவும் இல்லை.

எனவே, உற்பத்தி செய்ய முடிந்தும் தவிர்க்கப்பட்ட காற்று, சூரிய மின் யூனிட்டுகளைத் துணைமின் நிலைய வாரியாக, மின்பாதை நெருக்கடியா, தேவைக் குறைவா என்ற காரணத்துடன் வாரியம் மாதந்தோறும் வெளியிட வேண்டும். நீரேற்று நிலையம், மின்கலச் சேமிப்பு, புதிய மின்பாதை ஆகியவற்றில் எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்பதை அந்தக் கணக்கைக் கொண்டே முடிவுசெய்யலாம்.

– ஓய்வுபெற்ற மின்பொறியாளர், தூத்துக்குடி