கோட்டூர்புரம் அறிவியல் மையத்துக்கு: அலையைத் திருப்பிக் காட்டும் ஒரு மேசை வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மைய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்னைப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். உங்கள் காட்சிக்கூடத்தில் மெட்டாமெட்டீரியல்களுக்கென்று (உள்ளமைப்பின் வடிவத்தாலேயே புதிய பண்பு பெறும் செயற்கைப் பொருள்களுக்கென்று) ஒரு செயல்விளக்க மேசை அமைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

ஒளிவிலகல் எண் பொருளோடு பிறந்தது என்றே வகுப்பில் சொல்லித் தருகிறோம். நீருக்கு 1.33, கண்ணாடிக்கு 1.5. அந்த எண்ணை நாமே வடிவமைக்கலாம், செம்பை உரிய உருவில் வெட்டி அடுக்கினால் போதும் என்பது மாணவர் காதுக்கு எட்டுவதே இல்லை. மின்சுற்றுப் பலகையில் சில மில்லிமீட்டர் அளவில் ஒரு செம்பு வளையம். அதில் ஒரு சிறு இடைவெளி. வளையம் மின்தூண்டி, இடைவெளி மின்தேக்கி. வானொலியில் நிலையம் பிடிப்பதுபோல் இதுவும் ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் ஒத்ததிரும். 10 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் அலைநீளம் 3 சென்டிமீட்டர். தன்னைவிட மிகச் சிறிய இந்த வளையங்களை அந்த அலை தனித்தனியே உணர்வதில்லை. வரிசை முழுவதும் அதற்கு ஒரே பொருள். ஒத்ததிர்வுக்குச் சற்று மேலே, வளையங்கள் அலையின் காந்தப்புலத்தை எதிர்த்து நிற்கின்றன. மெல்லிய கம்பி வரிசையும் சேர்ந்தால் விலகல் எண் எதிர்க்குறி பெறுகிறது. கதிர் செங்குத்துக்கோட்டைக் கடக்காமல், வந்த பக்கமே மடங்கிச் செல்கிறது! சோவியத் இயற்பியலாளர் விக்டர் வெசெலாகோ 1960களில் கணக்காக எழுதிவைத்ததை, 2001இல் ஷெல்பி, ஸ்மித், ஷுல்ட்ஸ் மூவரும் சான் டியேகோவில் அளந்து காட்டினார்கள்.

மேசையின் முதல் காட்சி சணலாக இருக்கட்டும். 1898இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், முறுக்கிய சணல் கட்டுகளின் ஊடே குறு அலைநீள மின்காந்த அலைகளைச் செலுத்தி, அலை அதிரும் தளம் (தளவிளைவுத் தளம்) சுழல்வதைக் கண்டார். இடமுறுக்கு ஒரு பக்கம் சுழற்றியது, வலமுறுக்கு எதிர்ப்பக்கம். இரண்டும் சணல்தான்; வேலை செய்தது முறுக்கு. இதைப் பார்க்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமன்பாடு எதுவும் இல்லாமலே கருத்து விளங்கிவிடும்.

கருவிகளுக்காக அலைய வேண்டியதில்லை. 10 கிகாஹெர்ட்ஸ் அருகே இயங்கும் நுண்ணலை மேசைகள் பொறியியல் கல்லூரிகளுக்குப் பழக்கமானவை. ஆற்றல் மில்லிவாட் அளவுதான். அண்ணா பல்கலைக்கழகம் உங்கள் அக்கம்பக்கம். ஆண்டெனா அளவீடுகளில் தேர்ந்த சமீர் மின்காந்தவியல் மையம் தரமணியில் இருக்கிறது. கேட்டால் உதவுவார்கள் என்றே நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: விளக்கப் பலகையில் 'மாயப் போர்வை' என்று எழுதிவிடாதீர்கள். 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இத்தகைய வளையங்களாலான உறை ஒரு செம்பு உருளையை நுண்ணலையிடமிருந்து மறைத்தது, 8.5 கிகாஹெர்ட்ஸ் அருகே ஒரு குறுகிய பட்டையில் மட்டும். அதுவும் முழுமையாக இல்லை. கண்ணுக்கு உருளை தெரிந்துகொண்டுதான் இருந்தது. கண்ணுறு ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதற்கேற்ற வளையங்களை இன்னும் எவ்வளவு சிறிதாகச் செதுக்க வேண்டும் என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். கட்டடங்கள் தடுக்கும் செல்பேசி அலைகளைத் திருப்பிவிடும், இதே முறையில் அமைந்த பரப்புகள் பற்றி இரண்டு வரி சேர்க்கலாம்; அது அவர்கள் கையிலிருக்கும் கருவியோடு தொடர்புடையது.

தமிழ் விளக்கப் பலகைகளை எழுதித் தரவும், விடுமுறை நாள்களில் மேசையருகே நின்று விளக்கவும் நானும் சக ஆசிரியர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். நேரில் வந்து பேச ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர், சென்னை