எங்கள் கடையின் முன்கதவு மாறியது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பெருமதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த மாதம் எங்கள் புத்தகக் கடையின் பழைய முதிரைமர முன்கதவைக் கழற்றி, அந்த இடத்தில் யூ.பி.வி.சி. எனப்படும் பிளாஸ்ரிக் கதவொன்றைப் பொருத்தினோம். அன்று தொடக்கம் பலரும் நேரிலும் தொலைபேசியிலும் காரணம் கேட்டு வருகின்றீர்கள். அப்பாவின் காலத்திலிருந்தே எங்களிடம் வருகின்ற ஆசிரியர் ஒருவர் வாசலில் நின்று கதவைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதைக் கண்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில், என்னை மிகவும் நோகச் செய்த கதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய கதவைக் கொழும்பிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவருக்கு நல்ல விலைக்கு நான் விற்றுவிட்டதாகவும், அது இப்போது தெற்கில் ஏதோவொரு ஹோட்டலின் வாசலில் நிற்பதாகவும் பேச்சு அடிபடுகின்றது. கைப்பேசிகளில் ஒரு படமும் சுற்றுகின்றது. அந்தப் படத்தில் இருப்பது எங்கள் கதவு அல்ல. படத்தில் உள்ள கதவில் பித்தளைக் குமிழ்கள் இருக்கின்றன. எங்களுடையதில் இருந்தவை இரும்புக் குமிழ்கள், அவையும் கறள் பிடித்தவை. எங்கள் இடப்பக்கக் கதவில் நெஞ்சளவு உயரத்தில் செல் (எறிகணை) துண்டு துளைத்த ஓட்டை ஒன்று உண்டு. அப்பா அதை ஒரு முதிரைத் துண்டால் அடைத்து, உரஞ்சி, வார்னிஷ் பூசியிருந்தார். நிறம் சற்று வேறுபட்டு ஐம்பது சத நாணயம் அளவில் தெரியும். படத்தில் அது எங்கே இருக்கின்றது என்று பகிர்ந்தவர்கள் ஒருமுறையாவது பார்த்திருக்கலாம்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, போரால் இடம்பெயர்ந்து ஊர் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அப்பா அந்தக் கதவைப் பூட்டி, உள்ளே திறாங்கும் போட்டு, பின்வாசலால் வெளியேறி, திறப்பை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டுதான் எங்களுடன் வந்தார். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் திரும்பி வந்தபோது பூட்டு உடைந்திருந்தது, அலுமாரிகள் வெறுமையாக இருந்தன, கதவு மட்டும் நின்றது. அந்தக் கதவை நான் விலை பேசுவேன் என்று எங்களை அறிந்தவர்களே நம்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தது உண்மை. இருவரையும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இடப்பக்கக் கதவு இன்று கடையின் உட்சுவரில் முழுதாகச் சாத்தி நிற்கின்றது. வலப்பக்கத்தில் பழுதில்லாத பலகைகளை எடுத்துக் காசு வாங்கும் மேசைக்கு மேற்பலகையாக இணைத்திருக்கிறோம். யாரும் எப்போதும் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

கழற்ற வேண்டி வந்த காரணம் கறையான். நிலையின் அடியில் சாத்தியிருந்த விளக்குமாற்றை ஒருநாள் எடுத்தபோது பெயின்ற் பொருக்காக உதிர்ந்தது. விரலை வைத்து அழுத்தினேன். முதல் மூட்டு வரை உள்ளே போயிற்று. அங்கிருந்து சுவரோரமாகப் பென்சில் தடிப்பில் ஒரு மண் புற்றுவழி, கடந்தகால வினாத்தாள்கள் அடுக்கியிருந்த தட்டு வரை ஏறியிருந்தது. பஞ்சாங்கக் கட்டு ஒன்றைத் தூக்கினால் மேலட்டை அப்படியே இருந்தது, உள்ளே பாதித் தாளைக் காணவில்லை.

முதிரையைக் கறையான் அரிக்காதே என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கின்றார்கள். வைரம் பாய்ந்த முதிரையை அது தொடவில்லை. ஆனால் 1997 இல், கையில் காசும் ஊரில் மரமும் இல்லாத நேரத்தில், உடைந்திருந்த நிலையின் கீழ்ப்பகுதிக்கும் வலப்பக்கக் கதவின் அடிச்சட்டத்துக்கும் கிடைத்த மரத்தை வைத்து ஒட்டுப் போட்டோம். அதில் வைரம் பாயாத வெள்ளைப் பகுதி நிறைய இருந்தது. நிலத்துக்குள்ளிருந்து வந்த கறையான் அந்த வழியால்தான் ஏறியது.

ஏன் மரத்திலேயே புதிதாகச் செய்யவில்லை என்பது அடுத்த கேள்வி. மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்காகப் பருக்கும். ஒவ்வொரு கார்த்திகையிலும் எங்கள் கதவு இறுகிக்கொள்ளும். ஓடாவியார் வந்து சீவித் தருவார். பங்குனி வெயிலில் சீவிய இடம் விரல் நுழையும் இடைவெளியாக நிற்கும். 2024 கார்த்திகை வெள்ளத்தில் அந்த இடைவெளியால் வந்த தண்ணீர் கீழ்த்தட்டுப் பாடநூல்களை நனைத்ததை உங்களில் பலர் கண்டீர்கள்; சிலர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கி வைக்க உதவினீர்கள். சீவித் தந்த ஓடாவியார் பார்வை மங்கித் தொழிலை விட்டுவிட்டார், பிள்ளைகள் கனடாவில். வேறொருவர் தந்த மதிப்பீடு, மரத்தின் விலை, அனுமதியோடு அதை ஏற்றி வரும் செலவு, 2024 தொடக்கம் 18 வீதமாகிவிட்ட பெறுமதி சேர் வரி எல்லாம் சேர்ந்து, இப்போதைய கதவின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போயிற்று. அதற்கும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றார். புதிய தவணைக்குப் பாடநூல் வரும் காலத்தில் கடையைத் தறப்பாளால் மூடி வைத்திருக்க முடியாது.

புதிய கதவுக்குள் இரும்புச் சட்டம் இருக்கின்றது, விளிம்பில் இறப்பர் பட்டி இருக்கின்றது. கறையானுக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. மேற்கு வெயிலில் உருகிவிடாதா என்று கேட்டவர்களுக்கு: 80 பாகை செல்சியஸ் அளவில்தான் அது இளகத் தொடங்கும் என்கிறார்கள். கடும் நிறங்கள் கூடுதலாகச் சூடேறும் என்பதால் வெள்ளையை எடுத்தோம். மரம்போலத் தோன்றும் தாள் ஒட்டிய கதவும் வாங்கிய இடத்தில் இருந்தது. அப்பாவின் கதவு நின்ற இடத்தில் மரவேடம் போட்ட ஒன்றை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அழகில் பழையதற்கு இது ஈடாகாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் செலவை ஒட்டி, மாணவர்களுக்கான விலைக்கழிவு அடுத்த மாதம் தொடக்கம் 10 வீதத்திலிருந்து 5 வீதமாக அமையும். புதிய வாசற்படி சற்று உயரம் என்பதால் வயதானவர்கள் கவனமாகக் கால் வையுங்கள். கூப்பிட்டால் நாங்களே வெளியே வந்து எடுத்துத் தருவோம்.

இடம்பெயர்ந்து திரும்பியபோது எங்கள் கடன் கொப்பி தொலைந்துவிட்டிருந்தது. அது தெரிந்தும், தரவேண்டியதைத் தாங்களாகவே கணக்குச் சொல்லித் தந்தவர்கள் நீங்கள். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டின்போது ஆளுக்கு ஐந்து கொப்பிதான் என்றபோதும் முகம் சுளிக்காமல் வாங்கிப் போனீர்கள். கதவு மாற்றிய இரண்டு நாளும் தறப்பாளை விலக்கிக்கொண்டு வந்தீர்கள். இந்தக் கடை இன்றும் திறந்திருப்பது உங்களால்தான். உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போன மாஸ்ரர் அவர்களுக்கு: தாங்கள் சொல்லிவைத்த இலக்கண நூல் வந்துவிட்டது. பழைய கதவுப் பலகையின் மேலேயே எடுத்து வைத்திருக்கிறேன்.

இவ்வண்ணம்,
உண்மையுள்ள,
கடை உரிமையாளர்,
காங்கேசன்துறை வீதி, வண்ணார்பண்ணை,
யாழ்ப்பாணம்.