மாரேயில் வீடு பார்க்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ லண்டனிலிருந்து அனுப்பிய படங்களை மட்டும் நம்பாமல், போன சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாரிஸில் நான் இருக்கும் லாசப்பலில் இருந்து மாரேப் பகுதி பெரிய தூரமில்லை. ஆனாலும் இந்த இருபது வருசத்தில் அங்கே ஒரு வீட்டுக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

வீடு அழகுதான். ஆறாம் மாடி, கூரைக்கு நேர் கீழே. கறுத்த மர உத்திரங்கள், பளிங்குக் குளியலறை, சுவருக்குள் மடித்துவிடும் கட்டில். யன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் துத்தநாகக் கூரைகள். ஒரு காலத்தில் வேலைக்காரர்கள் படுத்த அறைகளைச் சேர்த்துத்தான் இந்த சொகுசு ஸ்டூடியோவைச் செய்திருக்கிறார்கள்.

அளவு நாடா கொண்டு போயிருந்தேன். விளம்பரத்தில் 24 சதுர மீட்டர். கூரை சரியும் பக்கம் நானே குனிய வேண்டியிருந்தது. 1996ஆம் ஆண்டின் கரே சட்டப்படி 1.80 மீட்டர் உயரம் இல்லாத இடத்தை விற்பனைப் பரப்பில் சேர்க்கக் கூடாது. என் கணக்கில் 18தான் தேறும். அந்த எண்ணுக்கு விலை பேசு. பத்திரத்தில் எழுதியதைவிட உண்மைப் பரப்பு 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், ஒரு வருசத்துக்குள் விலைக்குறைப்புக் கேட்கலாம். எரிசக்தி மதிப்பீட்டையும் கேட்டு வாங்கு. ஆகக் கடைசியான ஜி தரம் என்றால் 2025இலிருந்து புதிதாக வாடகைக்கே விட முடியாது.

சரி, இதெல்லாம் பேசித் தீரும். எனக்கு உறுத்துவது நீ கடைசியில் எழுதிய வரி: "நான் இருக்கப் போறதில்லை அக்கா, டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம்."

படியிறங்கும்போது மூன்றாம் மாடியில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து, "குடியிருக்கவா வருகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் படிக்கட்டில் பதினொரு வீடுகளாம். வருசம் முழுக்க ஆள் இருப்பது நான்கில். வாசல் கம்பியில் டூரிஸ்டுகள் சாவி எடுக்கும் பெட்டிகள் வரிசையாகத் தொங்கியதை நானும் பார்த்தேன்.

மாரே என்றால் சதுப்பு நிலம். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி 1605இல் தொடங்கி, அவர் இறந்த பிறகு 1612இல் திறக்கப்பட்ட சதுக்கம்தான் இன்றைய பிளாஸ் தே வோஜ். அதைச் சுற்றிப் பிரபுக்கள் மாளிகை கட்டினார்கள். அவர்கள் போன பிறகு அதே மாளிகைகளைத் தடுத்துத் தடுத்துப் பட்டறைக்காரர்களும் கூலிக்காரர்களும் குடியிருந்தார்கள். ரூ தே ரோசியே பக்கம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதக் குடும்பங்கள். அங்கே ஒரு பள்ளிச் சுவரில், நாஜி முகாம்களில் கொல்லப்பட்ட அந்தப் பள்ளியின் 165 யூதப் பிள்ளைகளுக்கான கல்வெட்டு இருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

இடிந்துகொண்டிருந்த இந்தக் கட்டடங்களைக் காப்பாற்றியது 1962ஆம் ஆண்டின் மால்ரோ சட்டம். சீர்படுத்தச் சீர்படுத்த வாடகை ஏறியது, பழைய ஏழைக் குடிகள் வெளியேறினார்கள். இப்போது வசதியுள்ள குடிகளும் குறைகிறார்கள்.

உன் யோசனைக்குச் சட்டமும் இடம் தராது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டையே பாரிஸில் 2025இலிருந்து வருசத்துக்கு 90 இரவுகள்தான் டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம். குடியிருக்காத வீடு என்றால் நகரசபையிடம் பயன்பாட்டை மாற்ற அனுமதி வாங்கவேண்டும். அதற்கு ஈடாக ஒரு வணிக இடத்தை வீடாக்கிக் காட்டவேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியமா அது?

வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மாணவருக்கோ, ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பிள்ளைக்கோ வருச ஒப்பந்தத்தில் விடு. 2019இலிருந்து வாடகைக்கு உச்சவரம்பு இருப்பதால் நீ போட்ட கணக்கு வராதுதான். ஆனால் நாம் வந்த புதிதில் ஐந்து பேர் ஓர் அறையில் முறை வைத்துப் படுத்ததை நீ மறந்திருக்க மாட்டாய்.

யோசித்துச் சொல்லு. அப்படி விடுவதென்றால் நானே போய் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டி, ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா