சேருவிலவில் தோண்டுமுன் பாறையைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் கிடக்கும் செம்பை எடுத்தால் நாட்டின் கடன் குறையும் என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். செம்பு அங்கே இருப்பது உண்மைதான். 1971 இல் கண்டறிந்தார்கள். ஆனால் அது கந்தகம் சேர்ந்த தாதுவாக, இரும்புத் தாதோடும் பைரைற் என்கிற பொன்னிறக் கல்லோடும் கலந்து கிடக்கிறது. அந்தக் கந்தகத்தைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை. எனக்குப் பயம் அதில்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சாம்பியாவின் கிற்வே நகரில் கணிதம் படிப்பித்தவள். யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் அந்நாளில் அந்த நாட்டுக்குப் போனார்கள். செம்புச் சுரங்கங்களால் வாழும் ஊர். குடிநீர் கபூவே ஆற்றிலிருந்து வரும். 2025 பெப்ரவரி 18 இல் அந்தப் பக்கத்துச் செம்பு ஆலையொன்றின் அமிலக் கழிவுத் தேக்கம் உடைந்து, சுமார் 5 கோடி லீற்றர் கழிவு ஓடை வழியாக ஆற்றில் இறங்கியது. ஊர் முழுவதற்கும் குழாய்நீரை நிறுத்தினார்கள். அமிலத்தை முறிக்க விமானப்படையை அழைத்து ஆற்றுக்குள் சுண்ணாம்பு கொட்டினார்கள். அந்தத் தண்ணீரில் உலை வைத்து என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் நான். செய்தியைப் பார்த்த அன்று நித்திரை வரவில்லை.

தேக்கம் உடைந்தால் உலகத்துக்குத் தெரியும். உடையாமலே நடப்பதை யார் பார்ப்பது? நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை பைரைற் சும்மா கிடக்கும். உடைத்து வெளியே குவித்தால் ஒட்சிசனும் மழையும் பட்டுக் கந்தக அமிலம் ஊறும். அமிலத்தில் கரைந்த இரும்பு மீதிப் பைரைற்றையும் அரிக்கும். இரும்பை உண்டு வாழும் பற்றீரியா அதைப் பல மடங்கு விரைவாக்கும். தொடங்கிவிட்டால் சுரங்கத்தை மூடினாலும் நிற்காது. ஸ்பெயினில் பழங்காலம் தொட்டுத் தோண்டிய ரியோ ரின்ரோ ஆற்றின் பி.எச். என்கிற அமில அளவு இன்றும் 2 அளவில் இருக்கிறது; அந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்.

அந்த அமிலம் பாறையிலுள்ள செம்பு, நாகம் (துத்தநாகம்), நச்சுப் பொருள்களான கட்மியம், ஆசனிக் எல்லாவற்றையும் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். வழியில் நல்ல தண்ணீர் கலக்கும்போது முதலில் இரும்பு செம்மஞ்சள் சேறாகப் படியும். கல்லெல்லாம் அந்த நிறமாகும், பூச்சி புழு வாழ இடமிருக்காது. சனம் அந்த நிறத்துக்குத்தான் பயப்படும். நாகமும் கட்மியமும் அவ்வளவு சுலபத்தில் படியமாட்டா. நிறம் தெளிந்த பிறகும் அவை தண்ணீரோடு கீழே போகும். படிந்த உலோகமும் ஆற்றடியில்தான் கிடக்கும். மறுபடி அமிலம் வந்தால் மறுபடி கரையும். சுண்ணாம்பு கொட்டியதோடு ஆறு சுத்தமாயிற்று என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

இங்கிலாந்தின் கோர்ன்வாலில் வீல் ஜேன் என்ற தகரச் சுரங்கத்தை 1991 இல் மூடி, தண்ணீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். உள்ளே நிரம்பிய நீர் 1992 ஜனவரியில் வெளியே பாய்ந்து, ஆற்று முகத்துவாரம்வரை செம்மஞ்சளாக்கியது. அந்தச் சுரங்க நீரை இன்றும் மக்கள் பணத்தில் சுத்திகரிக்கிறார்கள். செம்பு விற்ற காசில் கடன் அடைக்கலாம் என்கிறவர் இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கட்டும்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் நின்றது. கல் அகழ்ந்த குழிகள் இன்னும் கிடக்கின்றன. அது சுண்ணக்கல், அமிலம் ஊறாது. சேருவிலவில் இப்படி ஒரு குழியைக் கைவிட்டால் அங்கு விழும் மழை குளத்துக்கும் வயலுக்கும் போகும். மூதூர்ப் பக்கம் என் தங்கை குடும்பம் வயல் செய்கிறது. கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள்.

தோண்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிற்வேப் பக்கத்துப் பாறைகளில் சுண்ணக்கல்லில் இருப்பதுபோல அமிலத்தை முறிக்கும் காபனேற்று இருப்பதால் அங்கே சுரங்க நீரின் அமிலம் பெரும்பாலும் தானாகவே முறிந்துவிடும். சேருவிலப் பாறைக்கு அந்த வலு எவ்வளவு என்று துளையிட்டு எடுக்கும் கல்லை அரைத்துச் சோதித்தால் தெரியும். அரைத்த கல்லில் ஈரக்காற்றை விட்டு அமிலம் ஊறுகிறதா என்று பார்க்கும் ஈரக்காற்றுச் சோதனைக்குக் குறைந்தது 20 வாரம் எடுக்கும், எடுக்கட்டும். முடிவை வெருகல், மூதூர் மக்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்க வேண்டும். மூடிய பிறகு தண்ணீரைச் சுத்திகரிக்கும் பணத்தை முதல் கல்லை எடுக்குமுன்பே வைப்பிலிடாத எவருக்கும் அனுமதி கொடுக்கக் கூடாது. இப்போதே அங்குள்ள கிணறுகளிலும் ஓடைகளிலும் செம்பு, நாகம், கட்மியம், பி.எச். அளந்து பதிந்து வைக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால், நாளைக்குத் தண்ணீர் கெட்டதென்று வழக்குப் போகும் சனத்திடம் காட்ட ஒன்றும் இராது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
உரும்பிராய்.