நிறத்தைப் பார்த்துப் பிறப்பை மறுக்காதீர்கள்

பாரக்குதிரை இனப்பதிவுச் சங்கத்தாருக்கு வணக்கம்.

உங்கள் சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் குட்டியின் பதிவை மறுத்துக் கடிதம் அனுப்பியவர்களுக்கு விஷயம் தெரியும்.

அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் பண்ணையில் இந்த வசந்தத்தில் ஒரு பெட்டைக்குட்டி பிறந்தது. தாயும் தகப்பனும் கறுப்பு, இரண்டும் உங்கள் பதிவேட்டில் உள்ளவை. குட்டி மட்டும் செம்பட்டை. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி உறையில் போட்டு, நீங்கள் சொன்ன ஆய்வகத்துக்கே அனுப்பினோம். பெற்றோர் இவைதான் என்று முடிவும் வந்தது. அதை இணைத்து விண்ணப்பித்தால், நிறம் விதிக்கு ஒத்துவரவில்லை என்று ஒரே வரியில் திருப்பிவிட்டீர்கள்.

கறுப்புக் குதிரைக்குள் செம்பட்டை மறைந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 1996லேயே கண்டறியப்பட்டது. அதை மறைவாகச் சுமக்கும் இரண்டு கறுப்புக் குதிரைகள் சேர்ந்தால், நான்கில் ஒரு குட்டி செம்பட்டையாக வர வாய்ப்புண்டு. சுமந்த பெற்றோருக்குச் சான்றிதழ் உண்டு, வெளியே காட்டிய குட்டிக்கு மட்டும் இல்லை. இது என்ன நியாயம்?

சான்றிதழ் இல்லாத குட்டியைப் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆளில்லை. அதைவிட வேதனை, நாளை அவள் ஈனும் குட்டிகளுக்கும் பதிவு கிடையாது. செம்பட்டையைச் சுமக்காத கறுப்புப் பொலிகுதிரையோடு சேர்த்தால் அவளுக்குப் பிறப்பதெல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு நல்ல தாய்வழி அவளோடு முடிகிறது. பெற்றோரை வைத்துப் பதிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அமெரிக்கன் கிரீம் என்ற பாரக்குதிரை இனத்தை எண்ணிப் பாருங்கள். 1911ல் அயோவாவில் ஏலத்தில் விற்ற ‘ஓல்டு கிரானி’ என்ற பெட்டைதான் அதன் மூலம். அவளுடைய வம்சாவளி யாருக்கும் தெரியாது. அவளை ஒதுக்கியிருந்தால் அந்த இனமே இல்லை. எங்கள் குட்டிக்கோ தலைமுறை தலைமுறையாக உங்கள் ஏட்டிலேயே கணக்கு இருக்கிறது.

டிராக்டர் வந்தபின் பாரக்குதிரை வளர்ப்பவர்களே குறைந்துவிட்டார்கள். இருப்பவர்களும் கைச்செலவு போட்டுத்தான் வளர்க்கிறார்கள். அவர்களை அலைக்கழிப்பது அடுக்காது. கண்காட்சி வளையத்தில் எந்த நிறத்துக்கு வேண்டுமானாலும் பரிசு கொடுங்கள், அது உங்கள் உரிமை. பதிவேடு வேறு, பரிசு வேறு.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் உறுதியான எந்தக் குட்டியையும் அதன் நிறத்தைக் குறித்துக்கொண்டே பதிவு செய்யுமாறு விதியைத் திருத்துங்கள். சரி, விதி மாற நாளாகும் என்றால், அதுவரை பெட்டைக்குட்டிகளையாவது தனிப் பட்டியலில் சேருங்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.